வெட்டியவன் சொல், காத்தவன் சொல்

1932-இல் ஃபோர்டு வெளியிட்ட காரை, வேகத்துக்காகப் பழைய கார்களை வெட்டி மாற்றிக் கட்டும் தெற்குக் கலிஃபோர்னியாவின் ஹாட் ராட் ஆட்கள் ‘டியூஸ்’ என்பார்கள். சீட்டுக்கட்டில் இரண்டாம் எண் சீட்டுக்கு அந்தப் பெயர். ஆண்டின் கடைசி இலக்கம் இரண்டு, காரணம் அவ்வளவுதான். இரண்டு வாய் வைத்த கார்புரேட்டருக்கும் அதே பெயர் உண்டு. ஆகவே ‘டியூஸில் மூன்று டியூஸ்’ என்று ஒருவர் சொன்னால் கூட்டாளி குழம்பமாட்டார், வெளியாள்தான் விழிப்பார். இப்படிப்பட்ட சொற்களைப் பழைய மோட்டார் பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் படித்துப் பல வருடங்களாக ஒரு நோட்டில் குறித்து வந்திருக்கிறேன். தொடக்கத்தில் இவை விடலைப் பருவத்துச் சங்கேதம், காதுக்கு ருசி, அதற்குமேல் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். நோட்டு நிரம்ப நிரம்ப அந்த எண்ணம் கலைந்தது. ஒரே காரைப் பற்றி இரண்டு மொழிகள் புழங்குவது தெரிந்தது. காரை வெட்டி மாற்றிக் கட்டுகிறவனின் மொழி ஒன்று. தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளில் இருந்தபடி அதை மீட்டெடுக்கிறவனின் மொழி இன்னொன்று. முன்னது வினைச்சொற்களால் ஆனது. பின்னது சாட்சிக் கூண்டில் நின்று பேசுவது. கடந்த சில பத்தாண்டுகளில் பின்னது முன்னதை ஆளத் தொடங்கிவிட்டது. அது ஹாட் ராடுக்கு நல்லதல்ல என்பதே இந்தச் சொற்களோடு இத்தனை காலம் பழகியதில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு.

வினைச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்று அறிய அந்த நிலத்தைப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ், ரோசமண்ட் என்று வறண்ட ஏரிப் படுகைகள் உண்டு. கோடையில் களிமண் இறுகி, மைல் கணக்கில் சமதளமாகக் கிடக்கும். 1930-களில் இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை அங்கே ஓட்டிப்போய் வேகம் பார்த்தார்கள். 1937-இல் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவான பிறகு கடிகாரமும் விதிகளும் வகைப்பாடும் சீர்பட்டன. மாடல் டி என்ற ஃபோர்டு 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உருவான வண்டி. பழைய இரும்பு விலைக்கே கிடைத்தது. 1932-இல் வந்த வி-8 இன்ஜின் 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். சம்பளக்காரன் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர். இதற்குமேல் வேகம் வேண்டும், கையில் காசில்லை என்றால் ஒரே வழிதான்: கழிப்பது. மட்கார்டு, கண்ணாடி, படிப்பலகை, பம்பர் எல்லாம் கழன்றன. மட்கார்டு இல்லாமல், உடலை மட்டும் சேஸுக்கு மேலே இருந்த இடத்திலேயே விட்ட, நிலைக்கூரை இல்லாத ரோட்ஸ்டருக்கு ‘ஹைபாய்’ என்று பெயர் வந்தது. போருக்குப் பிறகு, 1946-இல், பில் பர்க் என்பவர் மஸ்டாங் போர் விமானத்தின் கழற்றி விடும் எரிபொருள் தொட்டியையே காரின் உடலாக்கினார். அந்த வகைக்குத் ‘தொப்பைத் தொட்டி’ என்று பொருள்படும் ‘பெல்லி டேங்க்’ என்ற பெயர் நிலைத்தது. விமானத்துக்கு அடியில் தொங்கிய தொட்டி, ஆகவே தொப்பைத் தொட்டி. கவிதையைத் தேடி யாரும் போகவில்லை.

உடலைத் தாழ்த்துவதற்கு மட்டும் அவர்களிடம் மூன்று வினைகள் இருந்தன. எல்லாவற்றையும் ‘இறக்கினான்’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம்; முடிக்கவில்லை. ‘சாப்’ என்றால் கூரையைத் தாங்கும் தூண்களில் சில அங்குலம் அறுத்தெடுத்துக் கூரையைக் கீழே கொண்டுவருவது. ‘சேனல்’ என்றால் காரின் தரையை வெட்டி, உடல் முழுவதையும் சேஸின் மேல் தொப்பி கவிழ்ப்பதுபோலக் கவிழ்த்து இறக்குவது. ‘செக்ஷன்’ என்றால் உடலின் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையை அறுத்து நீக்கி மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் ஒட்டுவது. கதவு, பக்கத் தகடு, டிக்கி என ஒவ்வொன்றும் அறுபட வேண்டும் என்பதால் மூன்றிலும் இதுதான் கடினம். சாப் செய்த காரில் தலை இடிக்கும், சேனல் செய்ததில் கால் மடங்கும். எவன் எந்த வேலையைச் செய்தான், அதற்கு உட்காருகிறவன் என்ன விலை கொடுத்தான் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. சொல்லோடு ஓர் எண்ணும் வரும். ‘மூன்று அங்குலம் சாப்’ என்றால் தூணிலிருந்து மூன்று அங்குலம் போய்விட்டது. 1932 ஃபோர்டின் தூண்கள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்பவை. அறுத்து இறக்கினால் சிறு திருத்தங்களோடு பொருந்திவிடும். 1949 முதல் வந்த மெர்குரி காரின் கூரை ஆமை ஓடு மாதிரி வளைந்தது, தூண்கள் சாய்ந்தவை. அங்கே நேராக இறக்கினால் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சந்திக்கவே சந்திக்காது. சாம், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்கள் 1952-இல் பாப் ஹிரோஹாட்டாவுக்காக ஒரு 1951 மெர்குரியை அப்படி வெட்டிக் கட்டியது இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. அந்த வினைச்சொல் அந்தக் கூரையில் எவ்வளவு சிரமமானது என்று அறிந்தவர்கள் இருப்பதும்தான்.

சிறிய வேலைகளுக்கும் தனித்தனிச் சொற்கள். பானெட்டின் மூக்கிலிருந்த சின்னத்தைக் கழற்றி ஓட்டையை அடைத்தால் ‘நோஸ்’. டிக்கியில் இருந்ததை நீக்கினால் ‘டெக்’. கதவுக் கைப்பிடியை எடுத்து மழமழவென்று ஆக்கினால் ‘ஷேவ்’, முகச் சவரம்தான். ஹெட்லைட்டை உள்ளே அமுக்கி, வளையத்தைத் தகட்டோடு தையல் தெரியாமல் இணைத்தால் ‘ஃப்ரெஞ்ச்’. பிரெஞ்சுச் சட்டைக் கையின் மடிப்பை ஒத்திருப்பதால் அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. நம் டிங்கரிங் பட்டறைகளில் இன்று பட்டி வைக்கிற இடத்தில் அவர்கள் அன்று ஈயம் வைத்தார்கள். தகட்டுக்கு முதலில் வெள்ளீயம் பூசி, அதன்மேல் இளகிய ஈயத்தை, கொழுப்போ தேன்மெழுகோ தடவிய மரத்துடுப்பால் வழித்து, ஆறியபின் அரத்தால் ராவி வளைவைக் கொண்டுவருவார்கள். அதனால்தான் தாழ்ந்து கனத்த மெர்குரிகளுக்கு ‘லெட் ஸ்லெட்’, அதாவது ஈயச் சறுக்குவண்டி என்று பெயர். பின்னாளில் ‘பாண்டோ’ என்ற பிளாஸ்டிக் பட்டி வந்து ஈயத்தை ஓரங்கட்டியது. வண்டியின் பெயரில் மட்டும் ஈயம் அப்படியே தங்கிவிட்டது.

இன்ஜின் பக்கம் போனால் என் வாதத்துக்கு இன்னும் உறுதியான சாட்சி கிடைக்கிறது. அந்தப் பழைய ஃபோர்டு வி-8-இல் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே அல்ல, பக்கத்தில், பிளாக்கிலேயே நிற்கும். அதனால் மேலே தட்டையான மூடி. ‘ஃப்ளாட்ஹெட்’, செல்லமாக ‘ஃப்ளாட்டி’. உள்ளே வரும் கலவை வால்விலிருந்து எழும்பி, பிளாக்கின் மேல்விளிம்பைத் தாண்டி, பக்கவாட்டில் சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். அந்த விளிம்பைத் தேய்த்து வழி விடுவதற்குப் பெயர் ‘ரிலீவ்’. காற்றுப் பாதைகளை அகலப்படுத்துவது ‘போர்ட்’. சிலிண்டரின் விட்டத்தைக் கூட்டுவது ‘போர்’; இதை நம்மூர் லேத் பட்டறையில் தினமும் கேட்கலாம். கிராங்கின் வீச்சைக் கூட்டுவது ‘ஸ்ட்ரோக்’. வால்வுகள் மேலே போன புதிய இன்ஜின்கள் 1949-இல் ஓல்ட்ஸ்மொபைல், காடிலாக் இரண்டிலும் வந்தன. 1955-இல் செவ்ரோலேயிலும் ஒரு வி-8 வந்தது. அவற்றில் தேய்ப்பதற்கு அந்த விளிம்பே கிடையாது. போர்ட்டும் போரும் ஸ்ட்ரோக்கும் புதிய இன்ஜின்களுக்குக் குடிபெயர்ந்தன; ரிலீவ் பெயரவில்லை. வெறும் பந்தாவுக்கான சொல்லாக இருந்திருந்தால் ஓசை நன்றாக இருக்கிறதென்று அதையும் சேர்த்துக் கொண்டுபோயிருப்பார்கள். வேலை நின்ற இடத்தில் சொல்லும் நின்றது.

இன்ஜின்களின் பட்டப்பெயர்களிலும், பொருளை உற்றுப் பார்க்கும் இந்தக் கண்ணைக் காணலாம். 1953-இல் வந்த ப்யூக் வி-8-இன் வால்வுகள் சிறியவை, செங்குத்தாக நிற்பவை; மூடியைத் திறந்தால் ஆணித்தலைகள் மாதிரி தெரியும். பெயர் ‘நெயில்ஹெட்’. செவ்ரோலேயின் பழைய ஆறு சிலிண்டருக்குப் பெயர் ‘ஸ்டவ்போல்ட்’. அடுப்பைப் பூட்டும் போல்ட்டைப் போன்றவை அதில் இருந்தன. 1955-இன் சிறிய செவ்ரோலே வி-8 ‘சுண்டெலி’. அதற்குப் பின் வந்த பெரியது ‘பெருச்சாளி’. கிரைஸ்லரின் 426 கன அங்குல ஹெமி இன்ஜின் ‘யானை’. இந்த விலங்குக் காட்சிசாலையில் சிரிப்பு இருக்கிறது, அளவுகோலும் இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்தது ஒரு பெயர்கூட அல்ல, ஓர் எண்: 6-71. இன்ஜினின் தலைமேல் வெளியே துருத்திக்கொண்டு உட்கார்ந்து காற்றை அமுக்கி ஊட்டும் ‘ப்ளோயர்’ ஒன்றின் பெயர் அது. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்று பொருள். ஆனால் அது ஏறி உட்கார்ந்திருக்கும் காருக்கு எட்டு சிலிண்டர்! அந்தக் கருவி ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டு ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினுக்காகச் செய்யப்பட்டது. லாரியிலும் பேருந்திலும் போர்க்காலத்துத் தரையிறக்கப் படகுகளிலும் உழைத்த இன்ஜின் அது. ப்ளோயரைக் கழற்றிக் கொண்டுவந்தவர்கள் பழைய வீட்டின் விலாசத்தை மாற்றவில்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. பந்தா இல்லாமல் இந்த மொழி இவ்வளவு தூரம் பரவியிருக்குமா? 1963-இல் பீச் பாய்ஸ் குழு ‘லிட்டில் டியூஸ் கூப்’ பாடலை வெளியிட்டது. பிரையன் வில்சனும் ரோஜர் கிறிஸ்டியனும் சேர்ந்து எழுதியது. பட்டறைச் சொற்கள் அதில் வரிசை கட்டி வருகின்றன. அதைக் கேட்டு ஆடியவர்களில் பெரும்பாலோர் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட்டிருக்கமாட்டார்கள். அதே ஆண்டு டாம் வுல்ஃப் ‘எஸ்கொயர்’ இதழில் இந்தக் கார்களைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு சத்தம்தான். ஆமாம், சொற்கள் அலங்காரமாகவும் விலைபோயின. ஆனால் ஒரு மருத்துவச் சொல் சினிமாப் பாட்டில் வந்துவிட்டதால் அது மருத்துவச் சொல் இல்லை என்று ஆகிவிடாது. இன்னொரு மறுப்பு, ‘ஹாட் ராட்’ என்பதன் பிறப்பே யாருக்கும் சரியாகத் தெரியாதே என்பது. ‘ஹாட் ரோட்ஸ்டர்’ சுருங்கியது என்பார் சிலர், இன்ஜினின் தண்டைக் குறித்தது என்பார் சிலர். அதற்கு முன்பு வழங்கிய ‘கௌ ஜாப்’ என்பதன் வேரை அபினைக் குறிக்கும் கான்டனீஸ் சொல்லில் காண்பவர்களும் உண்டு. இருக்கட்டும். பொதுப்பெயர்களின் கதை மூடுபனியாகவே இருக்கும். அவற்றை ஊரார் வைக்கிறார்கள், பத்திரிகைகள் வைக்கின்றன. ‘ஹாட் ராட்’டே விபத்துச் செய்திகளில் வசையாகப் புழங்கியதுதான், 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சனும் கூட்டாளியும் அதையே பத்திரிகையின் பெயராக அச்சிட்டபோது வசை பலகையேறியது. பட்டறைக்குள் பிறந்த வினைச்சொற்களில் அந்தப் பனி இல்லை.

மூன்றாவது மறுப்பு கசப்பானது. அதைத் தவிர்த்துவிட்டு இந்த மொழியைப் புகழ்வது சரியல்ல. இது எல்லாருடைய மொழியாகவும் இருக்கவில்லை. முன் அச்சை வளைத்துத் தாழ்த்துவதற்கு வழங்கிய ‘டேகோ’ என்ற சொல் சான் டியேகோ நகரின் பெயரிலிருந்து வந்தது. அந்த ஊர்ப் பட்டறை ஒன்று அதற்குப் பேர்போனது. ஆனால் அதே சொல் இத்தாலியரை இழிவுபடுத்தும் வசையும் கூட. சொன்னவன் எண்ணம் எதுவாயினும் கேட்டவன் காதில் விழுந்தது எது என்பது முக்கியம். இன்று பலர் அதைத் தவிர்ப்பது சரியே. லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிக்க அமெரிக்கர்கள் தாழ்த்திய கார்களுக்கு ‘லோரைடர்’ என்று தனிப் பெயர், தனிச் சட்டத் தொல்லை. சக்கர வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்தப் பகுதியும் தொங்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 1958-இல் விதி செய்தது. மறு ஆண்டே ரான் அகிரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் கார் எழும், போலீஸ் போனதும் படுக்கும். காரில் மெல்ல உலா வருவதற்கு மாநகராட்சிகள் கொண்டுவந்த தடைகளை அந்த மாநிலம் நீக்கியது 2024 ஜனவரியில்தான். இந்தக் குறையை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: ஒதுக்கப்பட்டவர்களும் எதிர்வினையாற்றியது புதிய வேலையாலும் அந்த வேலைக்குரிய புதிய சொல்லாலும்தான்.

மீட்டெடுப்பவர்களின் மொழிக்கு வருவோம். இதன் தலைச்சொல் ‘மேட்சிங் நம்பர்ஸ்’: இன்ஜினில் பொறித்த எண் சேஸ் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் ஒரு விலை, போகாவிட்டால் வேறு விலை. விலை இருக்கிற இடத்தில் மோசடியும் வரும். பிளாக்கின் எண் பகுதியை இழைத்துவிட்டு வேண்டிய எண்ணைப் புதிதாக அடிப்பதற்கு ‘ரீஸ்டாம்ப்’ என்று பெயர். 1974-இல் தொடங்கிய கார்வெட் மீட்டெடுப்பாளர் சங்கத்தின் நடுவர்கள் அதைப் பிடிக்க, தொழிற்சாலை இயந்திரம் அந்த இரும்பில் விட்டுப்போன மெல்லிய கீறல்களைத் தேடுவார்கள். ‘கரெக்ட்’ என்பது இங்கே பாராட்டு அல்ல, தீர்ப்பு. தொழிற்சாலை பூசியதைவிட நேர்த்தியாகப் பெயிண்ட் அடித்தால் ‘ஓவர் ரெஸ்டோர்ட்’ என்று மதிப்பெண் போகும். அதனால் அன்றைய தொழிலாளி அவசரத்தில் விட்ட பெயிண்ட் வழிசலையும் பரிசோதகரின் சாக்பீஸ் கிறுக்கலையும் பார்த்துப் பார்த்துத் திரும்ப வரைகிறவர்கள் உண்டு. ‘சர்வைவர்’, பிழைத்தது, என்ற சொல்லை ப்ளூமிங்டன் கோல்டு என்ற கார்வெட் கண்காட்சி வணிகக்குறியாகவே பதிந்து வைத்திருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பட்டா! என்.ஓ.எஸ். என்ற மூன்று எழுத்து என் வாதத்தையே சுமக்கிறது. மீட்டெடுப்பவனுக்கு அது அக்காலத்தில் செய்து பெட்டி பிரிக்காமல் கிடந்த பாகம். பந்தயக்காரனுக்கு இன்ஜினுக்குள் பீய்ச்சும் நைட்ரஸ் ஆக்சைடு. ஒருவன் அதைக் காப்பாற்றுகிறான், இன்னொருவன் அதை எரிக்கிறான். பெட்டிபெட்டியாகப் பிரித்துப்போட்ட நிலையில் வரும் காருக்கு இவர்கள் சொல்லும் ‘பாஸ்கெட் கேஸ்’ மட்டும் கொஞ்சம் நெஞ்சைத் தொடுகிறது. கைகால் அனைத்தும் இழந்து கூடையில் வைத்துத் தூக்கப்படும் வீரர்கள் இருப்பதாக முதல் உலகப் போருக்குப் பின் எழுந்த வதந்தியிலிருந்து பிறந்தது அது. 1919-இல் அமெரிக்க ராணுவ மருத்துவத் தலைமை அந்த வதந்தியை மறுக்க வேண்டியிருந்தது.

மீட்டெடுப்பதும் கைவேலைதானே, அவர்களும் அதே தகட்டை அதே சுத்தியலால்தானே தட்டுகிறார்கள் என்று கேட்கலாம். தட்டுகிறார்கள், திறமையில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் மொழி அந்தக் கையை மறைக்கிறது. நன்றாகச் செய்தவனின் தடயம் தெரியக் கூடாது என்பதே அங்கே இலக்கணம். ஹாட் ராடில் கேள்வி, யார் வெட்டியது, எத்தனை அங்குலம் என்பது. மீட்டெடுப்பில் கேள்வி, யாராவது தொட்டார்களா என்பது. இரண்டும் தத்தம் இடத்தில் சரி. 1997-இல் பெபிள் பீச் கார்க் கண்காட்சி ஹாட் ராடுகளுக்கென்று முதன்முதலாக ஒரு வகுப்பு திறந்தது. டோன் ஸ்பென்சர் கட்டிய 1932 ரோட்ஸ்டர் அதில் வென்றது. கலகக்காரனுக்கு அரண்மனையில் நாற்காலி கிடைத்ததாக மகிழ்ந்தவர்கள் பலர். நாற்காலியோடு இலக்கணமும் சேர்ந்து வந்ததை நான் பிற்பாடுதான் கவனித்தேன். ‘பீரியட் கரெக்ட்’ ஹாட் ராட் என்ற சொல்வழக்கு நோட்டில் அடிக்கடி இடம்பிடிக்கத் தொடங்கியது: 1949-இல் கிடைத்திருக்கக்கூடிய பாகம் மட்டுமே இருக்க வேண்டும், டயர் அந்தக் காலத்து வார்ப்பாக இருக்க வேண்டும். 1949-இல் அந்த இளைஞன் கையில் கிடைத்ததையெல்லாம் மாட்டினான். அவனைப் பின்பற்றுகிறவன் அவனுக்குக் கிடைக்காததையெல்லாம் விலக்குகிறான். இதற்கு எதிர்ப்பாகத் துருவோடும் ஒட்டுத்தகட்டோடும் ‘ரேட் ராட்’ வந்தது. பெயரைச் சூட்டியவர் ‘ஹாட் ராட்’ இதழின் கிரே பாஸ்கர்வில் என்பார்கள். சில காலத்தில் துருவும் பாணியானது. புதுத் தகட்டில் பொய்த் துரு ஏற்றுவதற்கு ‘ஃபோட்டினா’ என்று பெயரும் வந்துவிட்டது.

பழைய ஹாட் ராடுகளை இன்னும் வெட்டுங்கள் என்றா சொல்கிறாய் என்பவர்களுக்கு: இல்லை. ஸ்பென்சரின் காரில் ஒரு போல்ட்டைக்கூட மாற்றக் கூடாது. 2022-இல் 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போன ஹிரோஹாட்டா மெர்குரியும் அப்படியே இருக்க வேண்டும். அவை முதல் மொழியின் மூலப் பிரதிகள். 2024-இல் பெபிள் பீச்சின் உச்சப் பரிசு, முதன்முறையாக, மீட்டெடுக்காமல் காத்த ஒரு காருக்குப் போனது. 1934 புகாட்டி அது. அந்தத் தீர்ப்பிலும் எனக்குக் குறையில்லை. காக்க வேண்டியது அந்தச் சில கார்களை. அவற்றின் தேதியை நாளைக்குக் கட்டப்போகிற கார்களின் சட்டமாக்குவதைத்தான் மறுக்கிறேன். வெட்டினால் பாரம்பரியம் அழியும் என்ற அச்சத்துக்கும் இப்போது அவ்வளவு இடமில்லை. ஓஹையோவின் புரூக்வில் நிறுவனம் 1932 ரோட்ஸ்டரின் உடலைப் புது எஃகுத் தகட்டில் அடித்துத் தருகிறது. கூரையுள்ள கூப் உடல்களும் சந்தையில் புதிதாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒத்துப்போக வேண்டிய பழைய எண் ஏதும் இல்லை. வாங்குகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை அங்குலம் என்பது மட்டுமே.